டென்மார்க் வேலி எதைக் காக்கிறது?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றி இரண்டு வருடமாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். அதில் நான் அதிகம் திரும்பிப் போய்ப் பார்ப்பது டென்மார்க் கட்டிய காட்டுப்பன்றி வேலியைத்தான். 2018 ஜூனில் அந்த நாட்டு நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 2019 ஜனவரி கடைசியில் வேலை ஆரம்பித்து அந்த வருட டிசம்பரில் முடித்துவிட்டார்கள். ஜெர்மனி எல்லை நெடுக, கடலிலிருந்து கடல் வரை சுமார் 70 கிலோமீட்டர். தரைக்கு மேலே ஒன்றரை மீட்டர், கீழே அரை மீட்டர். செலவு சுமார் 3 கோடி டேனிஷ் க்ரோனர். அரசு வேலை என்பதை வைத்துப் பார்த்தால் வேகமாகவும் மலிவாகவும் முடிந்த காரியம் இது. அதில் எனக்கு மறுப்பே இல்லை.

வேலியைப் புகழ்ந்தும் நிறைய எழுதியிருக்கிறார்கள், கிண்டல் செய்தும் நிறைய எழுதியிருக்கிறார்கள். புகழ்கிறவர்கள் "பார், இன்றுவரை டென்மார்க்கில் நோய் இல்லை" என்கிறார்கள். கிண்டல் செய்கிறவர்கள் "சாலை போகிற இடத்திலும் ஆறு போகிற இடத்திலும் ஓட்டை இருக்கிறதே, பன்றி நீந்தாதா?" என்கிறார்கள். இரண்டு தரப்பும் வேலி பன்றியைக் காக்கக் கட்டப்பட்டது என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறது. என் வாசிப்பு வேறு.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இது மனிதனுக்குத் தொற்றாது. பன்றிக்குத் தொற்றினால் பெரும்பாலும் சாவுதான். 1921 இல் கென்யாவில் முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். அங்கே காட்டில் வாழும் வார்ட்ஹாக் பன்றிக்கும் ஒருவகை உண்ணிக்கும் இடையே இந்த வைரஸ் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிக்குப் போனதும்தான் கொலைகாரனாக ஆனது. பல பத்தாண்டுகள் தடுப்பூசியே கிடையாது. வியட்நாம்தான் 2022 இல் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது, அதன் மேலும் சர்ச்சை தீரவில்லை. ஆக, பண்ணைக்காரர் கையில் இருப்பது ஒன்றுதான்: உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. வந்துவிட்டால் கொன்று புதைப்பது.

அப்படியானால் எப்படி வருகிறது என்பதுதான் முழுக் கேள்வியும். இதற்குக் கிடைக்கும் வரலாறு அவ்வளவு குழப்பமானது இல்லை. 1957 இல் லிஸ்பனுக்கு வந்தபோது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்த்த பன்றிகளுக்கு விமானத்தில் மிஞ்சிய சாப்பாட்டைப் போட்டிருந்தார்கள். 2007 இல் ஜார்ஜியாவுக்கு வந்தது கருங்கடல் துறைமுகமான போட்டி வழியாக. கப்பல் கழிவைத் தின்ற பன்றிகள் மூலம் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அங்கிருந்து ரஷ்யா, பெலாரஸ், பால்டிக் நாடுகள், 2014 பிப்ரவரியில் போலந்து. சீனா 2018 ஆகஸ்டில் ஷென்யாங்கில் முதல் பண்ணையை அறிவித்தது. ஆரம்பத்தில் ஆராய்ந்த 21 நோய்ப் பண்ணைகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் எச்சில் உணவோடு சம்பந்தப்பட்டவை.

காட்டுப்பன்றி கடத்துவதே இல்லையா? கடத்துகிறது. ஆனால் அதன் வேகம் வேறு. காட்டுப்பன்றிக் கூட்டத்துக்குள் நோய் தானாகப் பரவினால் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் நகரும் என்பதுதான் பால்டிக் நாடுகளிலும் போலந்திலும் அளந்து பார்த்த கணக்கு. இதையும் மற்ற சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 ஜூனில் செக் நாட்டின் ஸ்லீன், அன்றைய நோய்ப் பகுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. 2018 செப்டம்பரில் பெல்ஜியம், அதுவும் தாவல்தான். 2022 ஜனவரியில் வடக்கு இத்தாலி. 2023 செப்டம்பரில் ஸ்வீடனின் ஃபாகெர்ஸ்டா. ஸ்வீடனுக்கு எந்தப் பன்றி நடந்து போகும்? இந்தத் தாவல்கள் எல்லாமே மனிதன் காரிலோ லாரியிலோ பையிலோ கொண்டுபோனவை. உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும், உறையவைத்த இறைச்சியில் வருடக்கணக்கில். சாலையோர நிறுத்தத்தில் ஒருவர் பாதி தின்றுவிட்டுக் குப்பைத்தொட்டியில் போடும் சாசேஜ் போதும்.

டென்மார்க் சட்டம் நிறைவேற்றிய நாளில் ஜெர்மனியில் ஒரு நோய்ப் பன்றிகூட இல்லை. ஜெர்மனியில் முதல் சடலம் கிடைத்தது 2020 செப்டம்பரில், அதுவும் போலந்து எல்லையோரமான பிராண்டன்பர்கில். வேலிக்கும் அதற்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர்.

இப்போது லாரிக்கு வருவோம். எனக்கு இதுதான் விஷயமே. டென்மார்க்கின் ஜனத்தொகை அறுபது லட்சத்துக்குக் கிட்ட. அவர்கள் ஒரு வருடத்தில் உற்பத்தி செய்யும் பன்றி மூன்று கோடி அளவில். அதில் ஒரு கோடிக்கும் மேல் குட்டியாகவே உயிரோடு லாரி ஏறி வெளிநாடு போகிறது. அதிகம் போவது போலந்துக்கும் ஜெர்மனிக்கும். போலந்தில் 2014 முதல் நோய் இருக்கிறது. ஆக, வேலிக்கு நடுவே இருக்கும் நெடுஞ்சாலைத் திறப்பு வழியாக நோய் நாட்டுக்குப் போய்க் குட்டிகளை இறக்கிவிட்டு, சாணியும் வைக்கோலும் ஒட்டிய காலி லாரிகள் தினமும் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன.

இதை டென்மார்க்காரர்கள் கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கவனித்தார்கள், அதுவும் வேலிக்கு வெகுகாலம் முன்பே. எல்லைக்குப் பக்கத்தில் கழுவும் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். வெளிநாடு போய்வந்த கால்நடை லாரி அங்கே கழுவிக் கிருமிநீக்கம் செய்து சான்று வாங்கினால்தான் அடுத்த லோடு. எந்தப் பகுதிக்குப் போய்வந்தது என்பதைப் பொறுத்து அதன்பிறகும் காத்திருக்க வேண்டும். பண்ணைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன முன்னறை. அதன் குறுக்கே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் வெளியுலகம், அந்தப் பக்கம் பண்ணை. இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, பண்ணையின் உடுப்பையும் பூட்ஸையும் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற நாட்டுக்காரர்கள் இதற்கு 'டேனிஷ் நுழைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் பிரசவ வீட்டுக்குப் போனால் கால் கழுவிவிட்டு உள்ளே வரச்சொல்வார்கள் அல்லவா, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். ஆனால் பெஞ்சைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது என்பதால் மறந்துபோக வழியில்லை.

எனக்கு இந்தப் பெஞ்சு மேல் பெரிய மரியாதை. ஒரு மரப்பலகை, அவ்வளவுதான். மனிதனுடைய நல்லெண்ணத்தையோ ஞாபகத்தையோ நம்பாமல், அறையின் அமைப்பே விதியை அமல்படுத்துகிறது. நான் பார்க்கும் வேலையில் இதே மாதிரி ஒன்றைச் சாதிக்கப் பெரிய பெரிய கூட்டம் போடுவோம், கடைசியில் ஒரு மின்னஞ்சல் சுற்றறிக்கையோடு முடிந்துவிடும்.

சரி, இத்தனை நன்றாக யோசிக்கத் தெரிந்தவர்கள் ஏன் வேலி கட்டினார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனமான விமர்சனம். அவர்கள் பக்கத்து வாதத்தை முழு பலத்தோடு எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பன்றி இறைச்சி வர்த்தகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு நாட்டில், பண்ணையில்கூட வேண்டாம், காட்டில் ஒரே ஒரு பன்றியின் சடலத்தில் இந்த வைரஸ் உறுதியானாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பல நாடுகள் இறக்குமதியை நிறுத்திவிடும். ஒன்றியத்துக்குள் 'இந்த மாவட்டம் மட்டும் மூடல்' என்று பகுதி பிரித்துக்கொள்வார்கள். வெளியே பல நாடுகள் அப்படி ஒத்துக்கொள்வதில்லை. ஜெர்மனிக்கு இதுதான் நடந்தது. 2020 செப்டம்பர் 10 அன்று முதல் சடலம் உறுதியானது. சில நாட்களிலேயே சீனா கதவைச் சாத்தியது. அன்றைக்கு ஒரு ஜெர்மன் பண்ணைப் பன்றிக்குக்கூட நோய் இல்லை.

டென்மார்க்கில் காட்டுப்பன்றி ஏற்கெனவே மிகக் குறைவு. எல்லை தாண்டி வந்தவற்றையும் சுட்டு, இல்லாமலே செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். காடு காலியாக இருந்தால், யாரோ ஒரு பயணி சாசேஜை எறிந்தாலும் அதைத் தின்ன ஆள் இல்லை. நோய் தங்க இடமில்லை. வேலியின் வேலை அந்தக் காலியான காட்டைக் காலியாகவே வைத்திருப்பது. இப்படிப் பார்த்தால் வேலிக்கு அர்த்தம் இருக்கிறது. வேலி காப்பது தொழுவத்தில் இருக்கும் பன்றியை அல்ல, 'இந்த நாட்டில் நோய் இல்லை' என்று எழுதியிருக்கும் சான்றிதழை. பல நூறு கோடி க்ரோனர் ஏற்றுமதி அந்தக் காகிதத்தின் மேல் நிற்கிறது. மூன்று கோடி க்ரோனர் அதற்குப் பிரீமியம். காப்பீட்டு முகவர் கண்ணால் பார்த்தால் தப்பே இல்லாத கணக்கு.

என் சண்டை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, இந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். மக்களிடம் பேசும்போது முன்னால் வைத்தது எல்லை தாண்டும் காட்டுப்பன்றியை. படம் பிடிக்க வேலி நன்றாக இருக்கும். கழுவும் நிலையத்தில் ஒருவர் ராத்திரி ரெண்டு மணிக்கு லாரியின் அடித்தட்டில் தண்ணீர் பீய்ச்சுவதைப் படம் பிடித்து யார் போடுவார்கள்? இடமும் காலமும் வேறு சிக்கலைக் கொண்டுவந்தன. அந்த எல்லை 1920 இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பிரித்த எல்லை. இரண்டு பக்கமும் மற்ற மொழிக்காரர் சிறுபான்மையாக வாழ்கிறார்கள். நூற்றாண்டு விழாவுக்குத் தயாராகும் நேரத்தில் நடுவே கம்பி வேலி. ஆபத்து நெடுஞ்சாலையில் போகிறது, தடுப்போ வயல்காரர் கண் முன்னால் நிற்கிறது என்றால் அங்கே வாழ்கிறவர்களுக்குக் கோபம் வராதா?

இரண்டாவது, வெற்றியை எப்படி அளப்பது? "இன்றுவரை வரவில்லை" என்பது அளவுகோல் ஆகாது. வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டியிருக்கிறோம், இதுவரை வீடு இடிந்து விழவில்லை. பெஞ்சு, கழுவும் நிலையம், எச்சில் உணவுத் தடை, காலியான காடு, வேலி என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும்போது பலனை வேலியின் கணக்கில் மட்டும் வரவு வைக்க முடியாது.

வேலியே வீண் என்று சொல்ல வரவில்லை. வேலி வேலை செய்த இடங்கள் உண்டு, அதுவும் பிரமாதமாக. ஸ்லீனில் நோய்ச் சடலங்கள் கிடைத்த சிறு பகுதியைச் சுற்றி மின்வேலியும் நாற்றவேலியும் போட்டார்கள். முதலில் உள்ளே வேட்டையை நிறுத்தினார்கள். வேட்டைக்காரர் விரட்டினால் கூட்டம் சிதறி நோயை வெளியே கொண்டுபோகும் என்பதால். சடலங்களைத் தேடிப் பிடித்து அகற்றினார்கள். பிறகுதான் போலீஸ் குறிசுடுநர்களை அனுப்பினார்கள். ஒரு வளர்ப்புப் பன்றிக்குக்கூட நோய் வராமல் 2019 இல் நோயற்ற நாடு என்ற பெயரைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். பெல்ஜியமும் இதே வழியில், சுமார் 300 கிலோமீட்டர் வேலியைப் படிப்படியாகப் போட்டு, 800-க்கும் மேற்பட்ட நோய்க் காட்டுப்பன்றிகளைக் கண்டெடுத்து, 2020 கடைசியில் மீண்டது. இங்கே வேலி நோய் இருக்கும் இடத்தைச் சுற்றி நிற்கிறது. டென்மார்க்கில் நோய் எங்கிருந்து வரக்கூடும் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. செய்திகளில் இரண்டுக்கும் 'வேலி' என்ற ஒரே பெயர் வருவதால் ஸ்லீனின் புகழை டென்மார்க் கடன் வாங்கிக்கொள்கிறது.

பெல்ஜியக் கதையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளின் ஆரோக்கியமான வளர்ப்புப் பன்றிகள், ஆயிரக்கணக்கில், முன்னெச்சரிக்கையாகக் கொல்லப்பட்டன. நோய் காட்டில். செத்தது தொழுவத்தில்.

இங்கிருந்து எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். பன்றிப் பண்ணைப் பாதுகாப்பு பற்றிய எழுத்தில், அரசு ஆவணமாகட்டும் தொழில் இதழாகட்டும், திரும்பத் திரும்ப வரும் ஒரு முன்முடிவு உண்டு. பெரிய பண்ணை என்றால் சுத்தம், கட்டுப்பாடு. வீட்டுக் கொல்லையில் நாலு பன்றி வளர்ப்பவர்தான் ஓட்டை. அவரை மூடிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொல்லைப்புற வளர்ப்பில் ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ருமேனியாவில் 2018 கோடையில் நோய் முதலில் பரவியது டான்யூப் கழிமுகத்தின் சின்னச் சின்ன வீட்டுத் தொழுவங்களில்தான். ஆனால் அதே ஆகஸ்டில், பிரைலா மாவட்டத்தில், அந்த நாட்டின் மிகப் பெரிய பண்ணைகளில் ஒன்றுக்குள் நோய் புகுந்தது. சுமார் 1,40,000 பன்றிகளைக் கொல்ல வேண்டி வந்தது. எத்தனை கொல்லைப்புறம் சேர்ந்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும்? புகும் வாய்ப்பை மட்டும் கணக்கு போட்டுவிட்டு, புகுந்தால் எவ்வளவு சாகும் என்பதை விட்டுவிடுவது அரைக் கணக்கு. மென்பொருள் ஆட்கள் ஒரே சர்வரில் எல்லாவற்றையும் ஏற்றினால் யாராவது கேள்வி கேட்பார்கள். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் இப்போது 26 மாடிப் பன்றிக் கட்டடம் இருக்கிறது. நோய்க்குப் பின் வந்த 'நவீனமயம்' அது.

சின்னவரை நோய் அறிவிக்காத குற்றவாளியாகக் காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. 2018 இல் சீனா ஒரு பன்றிக்கு 800 யுவான் இழப்பீடு என்றிருந்ததை சில வாரத்தில் 1,200 ஆக உயர்த்தியது. ஏன் உயர்த்தினார்கள்? குறைந்த தொகை கொடுத்தால், அதையும் தாமதமாகக் கொடுத்தால், பன்றி சோர்ந்து படுத்த அன்று சாயங்காலமே வியாபாரிக்குக் கைமாற்றிவிடுவதுதான் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும். லாரி ஏறிய அந்தப் பன்றிதான் அடுத்த மாவட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகிறது. இழப்பீட்டை நான் தருமமாகப் பார்க்கவில்லை. அந்தப் பெஞ்சு மாதிரி அதுவும் ஒரு தடுப்புச் சாதனம். அதை உடனே கொடுத்தால்தான் தடுப்பு.

இந்தியாவில் கணக்கு இன்னும் கடுமை. 2020 இல் அசாமிலும் அருணாசலத்திலும் முதலில் உறுதியானது. மிசோரமில் 2021 ஒரே வருடத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் செத்தன. அங்கே பன்றி என்பது பெரும்பாலும் ஒரு வீட்டில் ரெண்டு, மூணு. பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ விற்பதற்காக வளர்ப்பது, அதாவது நம் ஊரில் ஆடு இருக்கும் இடத்தில் அங்கே பன்றி. 2022 ஜூலையில் வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் வந்தது. வெளிமாநிலப் பன்றிக்குக் கேரளம் ஏற்கெனவே தடை போட்டிருந்தும் வந்தது. விதிப்படி நோய்ப் பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பன்றிகளைக் கொன்றார்கள். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. நீலகிரிக்கும் கூடலூருக்கும் அது பக்கத்து வீடு.

நம் பக்கத்து வெண்பன்றிப் பண்ணைகளில் பலவற்றுக்குத் தீவனமே ஓட்டல் மிச்சம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு நீல டிரம்களை வண்டியில் ஏற்றிப் போவார்களே, அது. கேரளத்தில் ஓட்டல் கழிவையும் கோழிக்கடைக் கழிவையும் அகற்றும் வேலையில் ஒரு பெரும் பங்கைப் பன்றிப் பண்ணைகள் சத்தமில்லாமல் செய்துவருகின்றன. நகராட்சி செய்ய வேண்டிய வேலை அது. பன்றிக்காரர் செய்துகொடுத்துவிட்டு, நோய் வந்ததும் 'எச்சில் உணவு போட்டவர்' என்று பழியும் வாங்கிக்கொள்கிறார். ஐரோப்பாபோல ஒரே அடியாகத் தடை செய் என்பவர்கள் அந்த டிரம் அடுத்த நாள் காலையில் எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் கொட்டினால் தின்ன வருவது காட்டுப்பன்றிதான்.

தடைக்கு மாற்று, வேகவைத்துக் கொடுப்பது. உலக விலங்கு நல அமைப்பின் அளவுகோல், கிளறிக்கொண்டே 90 டிகிரியில் ஒரு மணி நேரம். காகிதத்தில் ஒரு வரி. பண்ணையில் என்ன ஆகும் என்று நானே போட்டுப் பார்த்தேன். இருநூறு லிட்டர் டிரம், 25 டிகிரியிலிருந்து 90-க்கு ஏற்ற ஏறத்தாழ 55 மெகாஜூல் வேண்டும். விறகின் சூட்டை கிலோவுக்கு 15 மெகாஜூல் என்றும் திறந்த அடுப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் டிரம்முக்குப் போகும் என்றும் வைத்தால் 18 கிலோ விறகு. அப்புறம் ஒரு மணி நேரம் அதே சூட்டில் நிறுத்த இன்னும் கொஞ்சம். 20 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கிலோ ஐந்து ரூபாய் போட்டால்கூட தினம் நூறு, மாதம் மூவாயிரம், கிளறுகிற ஆளின் கூலி தனி. இருபத்தைந்து, முப்பது பன்றி வைத்திருப்பவருக்கு இது. நோய்த் தடுப்புக்காகப் பன்றியைக் கொன்றால் இவ்வளவு என்று இழப்பீட்டு அட்டவணையில் எடைவாரியாகத் தொகை போட்டிருக்கிறார்கள். சாகாமல் இருக்க அவர் எரிக்கும் விறகுக்கு அதில் வரி இல்லை.